எந்த லினக்ஸ்? ஓர் ஆய்வாளர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத கணினிகள் நம் பல்கலைக்கழகத் துறைகளில் எத்தனை உள்ளன என்பதை அவரவர் ஆய்வகத்துக்குள் ஒருமுறை நடந்துபோய் எண்ணிக்கொள்ளலாம். அவற்றுள் பல பழுதற்றவை. இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவற்றைக் கழித்துக்கட்டிப் புதியவை வாங்கத் துறைகளிடம் நிதி இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இயங்குதளத்தில் களத்தரவுகளைச் சேமித்து வைப்பதும் ஆய்வறம் ஆகாது. எஞ்சியிருப்பது கட்டற்ற இயங்குதளம் என்னும் வழி. இந்தப் பேச்சு துறைக்கூட்டங்களில் எழுந்த மறுகணமே ஒருவர் "எந்த லினக்ஸ்?" என்று கேட்கிறார். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு என்பதே இப்பதிவின் வாதம். ஆனால் வழக்கமாக ஒப்பிடப்படும் அளவுகோல்களைக் கொண்டு அந்த விடையை எட்ட முடியாது. எது அழகானது, எது வேகமானது, எது எளியது என்ற ஒப்பீடுகள் பொதுப்பயனருக்குப் போதுமானவையாக இருக்கலாம். மொழித்தரவோடு பல ஆண்டுகள் பணிபுரியும் ஆய்வாளருக்கு அவை போதா.

முதலில் ஒரு தெளிவு. லினக்ஸ் என்பது, கறாராகச் சொன்னால், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருநிரலின் பெயர். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும், வேறு பல ஆயிரம் மென்பொருள்களும் அதனோடு சேர்த்துத் தொகுக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, நிறுவத்தக்க வடிவில் நம் கைக்கு வரும்போதுதான் அது ஒரு 'வழங்கல்' ஆகிறது. ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய இரண்டும் 1993இல் தோன்றியவை. இன்றும் உயிரோடு இருப்பவை. உபுண்டு 2004இல் டெபியனிலிருந்து கிளைத்தது. லினக்ஸ் மின்ட் 2006இல் உபுண்டுவிலிருந்து கிளைத்தது. ஃபெடோரா 2003இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் அரவணைப்பில் பிறந்தது. ஆர்ச் 2002இல் தனித்தே தோன்றியது.

மொழியியல் மாணவர்களுக்கு இந்தக் கிளைப்படம் புதிதன்று. கிளைமொழிகளுக்கிடையே இலக்கணத்தின் அடித்தளம் ஒன்றாகவே இருக்க, சொற்களிலும் ஒலிப்பிலும் வேறுபாடுகள் தென்படுவதைப் போலத்தான் வழங்கல்களும். ஒரு மென்பொருளை நிறுவ டெபியன் குடும்பத்தில் 'ஆப்ட்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப்', ஆர்ச்சில் 'பேக்மன்' என்கிறோம், செயல் ஒன்றே. குனோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ முதலிய திரைச்சூழல்களை ஏறத்தாழ எல்லா வழங்கல்களிலும் நிறுவிக்கொள்ளலாம். ஆகவே திரைப்படங்களை அருகருகே வைத்து வழங்கல்களை ஒப்பிடுவது, உடையைக் கொண்டு கிளைமொழியை வகைப்படுத்துவதற்கு ஒப்பாகும். உண்மையான வேறுபாடுகள் வேறிடத்தில் உள்ளன. அவற்றை நான்கு கேள்விகளாக வகுத்துக்கொள்கிறேன்.

முதற்கேள்வி: இது எவ்வளவு காலம் நிற்கும்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு. இந்தக் கால அளவை வழங்கல்களின் ஆயுளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். டெபியனின் நிலைப்பதிப்பு ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்பின் ஈராண்டு நீள் ஆதரவுமாக ஐந்தாண்டு நிற்கிறது. உபுண்டுவின் நீள் ஆதரவுப் பதிப்பும் ஐந்தாண்டு நிற்கும். அதன்மீது கட்டப்படும் மின்ட்டும் அவ்வாறே. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவந்து, ஒவ்வொரு பதிப்பும் சுமார் பதின்மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஐந்தாண்டு ஆய்வுக்காலத்தில் குறைந்தது நான்கு முறையேனும் முழு இயங்குதளத்தையும் மேம்படுத்த வேண்டிவரும். ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. அது ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு.

புதுமையை விரும்புவோர் இதைக் குறையாகக் கொள்ள மாட்டார்கள். புதிய வன்பொருளுக்கு ஃபெடோராவே பெரும்பாலும் விரைந்து ஆதரவு தருகிறது என்பதும் உண்மை. ஆனால் 2024 மார்ச்சு இறுதியில் நிகழ்ந்ததை நினைவில் கொள்ளுங்கள். 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட பின்கதவு ஒன்று இருப்பதை ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் என்னும் நிரலாளர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரைநொடித் தாமதம் ஏற்படுவதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிச் சென்றதால் கிடைத்த கண்டுபிடிப்பு அது. அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும், ஃபெடோராவின் வெளியீட்டுக்கு முந்தைய கிளைகளுக்கும், ஆர்ச்சுக்கும் வந்து சேர்ந்திருந்தன. டெபியன் நிலைப்பதிப்பையோ உபுண்டுவின் நீள் ஆதரவுப் பதிப்புகளையோ அவை எட்டவில்லை. 'பழைய சரக்கு' என்று கேலி செய்யப்படும் தாமதம் அன்று அரணாக நின்றது. பழங்குடி மக்களின் குரல்பதிவுகளையும் தகவலாளிகளின் தனிவிவரங்களையும் கணினியில் வைத்திருப்பவருக்கு அரண் முக்கியம்.

இரண்டாம் கேள்வி: இதை ஆள்பவர் யார்?

கல்வியுலகத்துக்கு இக்கேள்வியைக் கற்பித்த நிகழ்வுகள் இரண்டு. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம் 'சயன்டிஃபிக் லினக்ஸ்' என்ற வழங்கலைப் பேணிவந்தது. 2019இல் அதன் அடுத்த தலைமுறைப் பதிப்பு வராது என்றும் இனி சென்ட் ஓஎஸ் வழங்கலே பயன்படுத்தப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே, 2020 திசம்பரில், சென்ட் ஓஎஸ் 8இன் ஆயுள் 2021 இறுதியோடு முடியும் என்ற அறிவிப்பு வந்தது. 2029 வரை ஆதரவு உண்டென்று நம்பிக் கணினிக் கூடங்களை அமைத்த ஆய்வு நிறுவனங்கள் ஓராண்டுக்குள் வேறிடம் தேட நேர்ந்தது. ராக்கி லினக்ஸும் அல்மா லினக்ஸும் அந்த வெற்றிடத்திலிருந்து பிறந்தவை. மூலநிரல் திறந்திருந்ததால்தான் மாற்று பிறக்க முடிந்தது. எனினும் ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு ஆய்வகங்களின் நாட்காட்டியை மாற்றக்கூடும் என்பது ஐயமறத் தெரிந்தது.

உபுண்டுவின் பின்னால் கனோனிகல் நிறுவனம் உள்ளது. 2012இல் வெளிவந்த 12.10 பதிப்பில், பயனர் தம் கணினிக்குள் தேடும் சொற்கள் வெளியே அனுப்பப்பட்டு, அமேசான் விற்பனைப் பொருள்கள் தேடல் முடிவுகளில் காட்டப்பட்டன. கடும் எதிர்ப்புக்குப் பின், 2016இன் 16.04 பதிப்பில் அது இயல்பாகச் செயல்படாதவாறு மாற்றப்பட்டது. மின்ட் வழங்கலை ஒரு சிறுகுழு பேணுகிறது. 2016 பிப்ரவரியில் அதன் இணையதளத்தை ஊடுருவியவர்கள், நச்சுநிரல் கலந்த நிறுவற்கோப்பைத் தரவிறக்கும்படி இணைப்பை மாற்றிவைத்தார்கள். குழு அதை மறைக்காமல் உடனே அறிவித்தது பாராட்டுக்குரியது. எந்த வழங்கலாயினும், தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்ட பின்பே நிறுவ வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து நமக்குக் கிடைத்தது.

டெபியனுக்கு உரிமையாளர் இல்லை. 1997இல் எழுதப்பட்ட சமூக ஒப்பந்தமும், 1998 முதல் ஓர் அமைப்புச் சட்டமும், ஆண்டுதோறும் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படும் தலைவரும் உண்டு. பெரிய முடிவுகள் வாக்கெடுப்பில் தீர்மானிக்கப்படுகின்றன. அதன் உலக மாநாடு 2023 செப்டம்பரில் நம் கொச்சியில் நடைபெற்றது. முப்பதாண்டுகளுக்கு மேலாக யாருக்கும் விற்கப்படாமல் நிற்கும் நிறுவனத்தன்மை ஒரு தொழில்நுட்பப் பண்பும் ஆகும் என்பது என் துணிபு.

இங்கே 'பாஸ்' வழங்கலையும் குறிப்பிட வேண்டும். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் வெளியிட்டது. இந்திய மொழிகள் பலவற்றுக்கு இடைமுகம் தந்தது. அந்த முயற்சியின் மொழிநோக்கு மதிக்கத்தக்கது. ஆயினும் கிளைவழங்கல் ஒன்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வர, தாய்வழங்கலில் முதலில் வந்து, பின்னர் கிளைக்கு வந்து சேர வேண்டும். இடையில் ஏற்படும் தாமதம் யார் பொறுப்பு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மொழிசார் உழைப்பு தாய்வழங்கலிலேயே சேர்க்கப்படுமானால் எல்லாக் கிளைகளும் பயன்பெறும். தேசியப் பெருமிதத்துக்கும் இதில் குறைவு நேராது.

மூன்றாம் கேள்வி: என் மொழி இதில் எழுதவும் அடுக்கவும் வருகிறதா?

எழுதுவதில் இன்று பெரிய சிக்கல் இல்லை. ஐபஸ் உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் என எல்லா விசைப்பலகைகளும் கிடைக்கும். தமிழ்ச்சூழலுக்குத் தேவையானவற்றை ஒருங்கே நிறுவ டெபியனிலும் உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் தனித்தனி மொழித்தொகுப்புகள் உண்டு. ரெட் ஹாட் வழங்கிய லோகித் எழுத்துருக்களும் கூகுளின் நோட்டோ எழுத்துருக்களும் எங்கும் கிடைக்கின்றன. மலையாளக் கணிமைக்காகத் திரண்ட தன்னார்வக் குழு ஒன்று 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவையும் நமக்குத் தந்திருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். நான் பயிலும் துறை தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ளது; உடன் ஆய்வு செய்வோர் சந்தாளியின் ஓல் சிக்கியையும் மணிப்புரியின் மெய்தெய் எழுத்தையும் கையாளுகிறார்கள். நோட்டோ குடும்பம் அவர்களுக்கும் போதுமானதாக உள்ளது.

சிக்கல் அடுக்குவதில் இருக்கிறது. ஒருங்குறி அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் அகரவரிசைப்படி அமைந்தவை அல்ல. அங்கே ந-வுக்கு அடுத்து ன. ர-வுக்கு அடுத்து ற. ல, ள, ழ, வ என்பது வரிசை. புள்ளிக்குறி உயிர்க்குறிகளுக்குப் பின்னே வருவதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னே தள்ளப்படும். தமிழ்நாட்டுப் பள்ளிச்சிறாரும் ஏற்காத வரிசை இது. இயங்குதளத்தில் தமிழ் வட்டார அமைப்பு நிறுவப்படாவிட்டால், சொற்பட்டியலை அடுக்கும் கட்டளை இந்த எண்வரிசையையே பின்பற்றக்கூடும். பிழைச்செய்தி எதுவும் தராமலே பின்பற்றக்கூடும். டெபியனிலும் ஆர்ச்சிலும் நாம் தேர்ந்தெடுத்த வட்டார அமைப்புகளே உருவாக்கப்படும். ஃபெடோராவில் தமிழுக்கான துணைத்தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். ஆய்வகக் கணினியில் ஆங்கிலம் மட்டும் தேர்ந்து நிறுவிய ஒருவர், அகராதித் தரவைப் பாழாக்கப் போதுமான வேலையைச் செய்துவிட்டார் என்று பொருள். நிறுவிய பின்னும் பத்துச் சொற்களைக் கொடுத்து வரிசையைச் சோதித்துப் பார்ப்பது நலம்.

இன்னொன்று. இந்த அடுக்கல் விதிகளைத் தாங்கும் குனூ சி நூலகத்தின் 2.28 பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளிவந்தபோது விதிகள் பெருமளவில் புதுப்பிக்கப்பட்டன. உபுண்டு 18.04 அதற்கு முந்தைய பதிப்பைக் கொண்டது. டெபியன் 10 புதிய பதிப்பைக் கொண்டது. ஒரே சொற்பட்டியல், ஒரே கட்டளை, இரண்டு கணினி, வரிசை வேறாகக்கூடும். இந்த மாற்றத்தால் உலகெங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் சுட்டிகள் குலைந்து, மீண்டும் கட்டப்பட்டன. நம் துறைகளில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்?

எல்லாக் குறையையும் இயங்குதளத்தின் மேல் ஏற்றவும் கூடாது. 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே உயிர்க்குறி சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகள் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எண்ணும் நிரலுக்கு இரண்டும் வேறு. எந்த வழங்கலும் இதைத் தானாகத் திருத்தித் தராது. தொகுதரவை இயல்பாக்கம் செய்வது ஆய்வாளர் கடமை.

நான்காம் கேள்வி: ஐந்தாண்டுக்குப் பின் என் ஆய்வை இன்னொருவர் மீண்டும் செய்ய முடியுமா?

இயற்பியலார் கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறிக்காமல் கட்டுரை எழுதுவதில்லை. நம் ஆய்வேடுகளிலோ 'கணினி உதவியுடன் பகுப்பாய்வு செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு நெறிமுறை இயல் முடிந்துவிடுகிறது. மேற்சொன்ன அடுக்கல் மாற்றம் ஒன்றே அந்த வரி போதாது என்பதற்குச் சான்று. டெபியன் தன் தொகுப்புகள் அனைத்தின் நாள்வாரிப் படிமங்களை 2005 முதல் காப்பகமாகப் பேணிவருகிறது. ஓர் ஆய்வு நடந்த நாளின் மென்பொருள் நிலையைப் பிற்காலத்தவர் திரும்பக் கட்டியெழுப்ப அது உதவும். இதே சிக்கலை வேர்வரை ஆராய்ந்து, மென்பொருள் நிறுவுதலையே கணிதச் சார்பு போல அமைத்தது நிக்ஸ் திட்டம். அதன் அடிப்படை எல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு. ஓர் ஆய்வேடு ஓர் இயங்குதளமாக வளர்ந்த கதை நமக்கு ஊக்கமளிக்க வேண்டும். எனினும் நிக்ஸ் ஓஎஸ் கற்றுக்கொள்ளக் கடினமானது. துறை முழுமைக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி மறுப்புகள். அவற்றில் வலுவானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நெறியாளர் வேர்டு கோப்பில்தான் திருத்தம் தருவார். லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் பக்க அமைப்பு குலைகிறது என்பது உண்மைதான். திருத்தங்களையும் குறிப்புகளையும் லிப்ரே ஆஃபிஸ் பெரும்பாலும் சரியாகவே காட்டுகிறது; குலைவது வடிவமைப்பு. இறுதி வடிவத்தை லாடெக்கிலோ பிடிஎஃப் கோப்பாகவோ ஒப்படைத்தால் இச்சிக்கல் பெரிதும் குறையும். மொழியியல் கருவிகளுள் பிராட், ஈலன் இரண்டும் லினக்ஸில் நன்கு இயங்குகின்றன. அகராதி ஆக்கத்துக்குரிய ஃபீல்டுவொர்க்ஸ் முதன்மையாக விண்டோஸுக்கே வளர்க்கப்படுகிறது. லினக்ஸ் வடிவம் பின்தங்கியே வருகிறது. அதையே முழுதும் சார்ந்திருப்போர் ஒரு விண்டோஸ் கணினியைத் தக்கவைத்துக்கொள்வதே அறிவுடைமை. கொள்கைக்காக ஆய்வை முடக்க வேண்டியதில்லை.

அடுத்து, டெபியனை நிறுவினால் கம்பியில்லா இணையம் வேலை செய்யாது என்ற பழைய அச்சம். 2022இல் நடந்த வாக்கெடுப்பில், கட்டற்றதல்லாத வன்பொருள் நிரல்களையும் நிறுவற்கோப்பிலேயே சேர்க்க டெபியன் உறுப்பினர்கள் முடிவு செய்தார்கள். 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவ்வாறே வருகிறது. 2025 ஆகஸ்டில் 13ஆம் பதிப்பு வெளிவந்துள்ளது. 32 பிட் செயலி கொண்ட மிகப் பழைய கணினிகளுக்கு அதில் நிறுவி இல்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

'துறையில் கணினி அறிந்தவர் இல்லை' என்பதே கடைசியும் கடினமானதுமான மறுப்பு. இதற்குக் கேரளம் விடை சொல்லியிருக்கிறது. அம்மாநிலப் பொதுப்பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளமே பயன்படுத்தப்படுகிறது. அங்கே வெற்றிக்குக் காரணம் உபுண்டுவின் தனிச்சிறப்பு என்று நான் கருதவில்லை. ஒரே வழங்கலைத் தேர்ந்தார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்கள், பாடநூலை அதற்கேற்ப எழுதினார்கள், மாணவர் மன்றங்களை அமைத்தார்கள். பள்ளிகளால் இயன்றது பல்கலைக்கழகத் துறைகளால் இயலாது என்பதை நம்புவது கடினம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேச்சுவழிப் பயிற்சிகளில் லினக்ஸ் பாடங்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கிடைக்கின்றன. தொடங்குவதற்கு அவை போதும்.

ஆக, என் பரிந்துரை இது. துறையின் பொது ஆய்வகத்துக்கு டெபியன் நிலைப்பதிப்பு. பழைய கணினிகளாயின் எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலோடு. விண்டோஸிலிருந்து முதன்முறை வரும் மாணவரின் சொந்த மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட். பழகிய தோற்றம் அவருடைய தயக்கத்தைக் குறைக்கும். அண்மையில் வாங்கிய புத்தம்புதிய மடிக்கணினியில் அவை இரண்டும் தடுமாறினால் உபுண்டுவின் நீள் ஆதரவுப் பதிப்பு, அதுவும் இயலாதபோது ஃபெடோரா. இயங்குதளம் எவ்வாறு அமைகிறது என்று கற்க விரும்புவோர் ஆர்ச்சை நிறுவிப் பார்க்கட்டும். அதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. ஆய்வேடு ஒப்படைக்கும் ஆண்டில் மட்டும் அந்தப் பாடத்தைத் தள்ளிவைக்கட்டும்.

இதைவிட முக்கியமாக நான் வேண்டுவன இரண்டு. துறைகள் ஏதேனும் ஒரு வழங்கலை முடிவு செய்து, அதைக் குறைந்தது ஒரு முனைவர் பட்டக் காலத்துக்கு மாற்றாமல் இருக்கட்டும்; சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதைவிடப் போதுமானதில் ஒன்றுசேர்ந்து நிற்பது பயன் தரும். ஆய்வேட்டின் நெறிமுறை இயலில் இயங்குதளம், அதன் பதிப்பு, வட்டார அமைப்பு, பயன்படுத்திய கருவிகளின் பதிப்பெண்கள் ஆகியவற்றை எழுதுவதை நெறியாளர்கள் கட்டாயமாக்கட்டும். இதற்கு நிதி வேண்டாம், ஆணை வேண்டாம்; அரைப்பக்கம் போதும்.

மாற்றுக்கருத்து உடையோர், குறிப்பாக ஃபீல்டுவொர்க்ஸைச் சார்ந்து பணிபுரிவோரும், தம் துறையில் இம்மாற்றத்தை ஏற்கெனவே செய்து பார்த்தோரும், தங்கள் பட்டறிவைக் கீழே எழுத வேண்டுகிறேன்.